நிலவறையில் ஊறும் தண்ணீர்: வீட்டைச் சுற்றித் தோண்டுவதற்கு முன்

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. அஸ்திவார வடிகாலுக்காக, அதாவது மண்ணிலிருக்கும் நீரை வடிக்க அஸ்திவாரத்தைச் சுற்றிப் பதிக்கும் துளைக் குழாய் 4 அங்குலம் போதுமா, 6 அங்குலம் வேண்டுமா. துளைகள் மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா. வடிகட்டுத் துணி இல்லாமல் முடியுமா. மூன்றுக்கும் பதில் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் கூடவே எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் உங்கள் மனத்தை அரிக்கும் கேள்வி வேறு என்று தெரிகிறது. பத்து ஆண்டு பழைய வீடு. கனமழை பெய்தால் மறுநாள் சுவரும் தரையும் சேரும் இடத்தில் தண்ணீர் ஊறுகிறது. உள்பக்கம் இருமுறை அடித்த நீர்த்தடுப்பு பெயின்ட் தோல் தோலாக உரிந்துவிட்டது. இப்போது ஒப்பந்தக்காரர் நான்கு புறமும் தோண்ட வேண்டும் என்கிறார். இத்தனை பெரிய பள்ளம் வெட்டினால் அறை உண்மையிலேயே காய்ந்துவிடுமா என்பதுதான் நீங்கள் கேட்க நினைத்தது. வீட்டைப் பார்க்காமல் இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்த நிலையில் காயும், எந்த நிலையில் காயாது என்பதைச் சொல்லலாம். கட்டுமானப் பொறியாளராக நான் கழித்த இருபத்தைந்து ஆண்டுகளில் கணிசமான பகுதி, அடுத்தவர் கட்டிய நிலவறைகளுக்குள் டார்ச் விளக்கோடு குனிந்து நடந்ததில் போயிருக்கிறது.

சொல் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். கொத்தனாரிடம் பேஸ்மென்ட் என்றால் தரைமட்டத்துக்கு மேலே எழுப்பும் மேடையைத்தான் அவர் நினைப்பார். நான் தரைக்குக் கீழே இருக்கும் அறையை நிலவறை என்றே எழுதுகிறேன். இந்தச் சொற்குழப்பத்தாலேயே தவறான உயரத்தில் குழாய் பதித்த வேலையைப் பார்த்திருக்கிறேன்.

ஈரமான நிலவறைக்குள் வரும் தண்ணீர் ஒரே வகையானதல்ல. மழை பெய்து சில மணி நேரத்திலேயே, அதுவும் ஒரு குறிப்பிட்ட மூலையில் மட்டும் தண்ணீர் தென்பட்டால், அது பெரும்பாலும் மேலிருந்து வழிந்து சுவரை ஒட்டி இறங்கிய மழைநீர். மழை நின்று ஓரிரு நாள் கழித்து, தரை முழுவதும் ஏறத்தாழ ஒரே சீராக ஊறி, மழைக்காலம் முடிந்தும் வாரக்கணக்கில் நிற்குமானால் நிலத்தடி நீர்மட்டம் ஏறி வந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். மழைக்கும் ஈரத்துக்கும் தொடர்பே இல்லையென்றால் முதலில் தண்ணீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும் சோதியுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மீட்டரின் முள் நகர்கிறதா என்று ஒரு மணி நேரம் பாருங்கள். புழுக்கமான நாளில் மட்டும் சுவர் வியர்த்தால் அது வெளியிலிருந்து வந்த நீரே அல்ல, அறைக்காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது. இதற்காக வீட்டைச் சுற்றித் தோண்டுவது, தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது.

வியர்வையா கசிவா என்பதைப் பிரித்தறிய எளிய சோதனை இருக்கிறது. சுவரில் ஈரமாகத் தெரியும் இடத்தைத் துடைத்துக் காயவைத்து, அரை மீட்டர் சதுர பாலித்தீன் தாளின் நான்கு விளிம்பையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் அறைப்பக்கம் நீர்த்துளிகள் இருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் இருந்தால் சுவர் வழியாக வருகிறது. இரண்டு பக்கமும் ஈரமாக இருப்பதும் நடக்கும், அப்போது இரண்டும் உண்டு. சுவரில் உப்புப் பூத்திருந்தால் சோதனைக்கே அவசியமில்லை. காரைக்குள் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு தண்ணீர் வெளியே வந்து, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப் போயிருக்கிறது என்பதற்கு அந்த வெள்ளைப் பொடியே சாட்சி.

உங்கள் விவரத்தை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் கூரைத் தண்ணீர் மீதுதான். கணக்கு எளிது: 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 5,000 லிட்டர். நான்கு மூலைகளிலும் மழைநீர்க் குழாய் இருந்தால் ஒவ்வொன்றும் 1,250 லிட்டரைக் கொண்டுவந்து சரியாக அஸ்திவாரத்தின் தலையில் ஊற்றுகிறது. ஊற்றும் இடமும் எப்படிப்பட்டது? வீடு கட்டும்போது நிலவறைக்காக அகலமாகத் தோண்டி, சுவர் எழுப்பிய பின் இடைவெளியில் மண்ணைத் தள்ளி மூடியிருப்பார்கள். திமிசு போட்டு அடுக்கடுக்காக இடிக்காத மண், ஆண்டுகள் போகப் போகத் தானாகவே அமுங்கும். முதலில் வெளிப்புறம் சரிந்திருந்த தரை, இப்போது சுவரை நோக்கிச் சரியும். சுற்றிலும் இறுகிய களிமண்ணாக இருந்தால் இன்னும் மோசம்: களிமண் கிண்ணத்துக்குள் தளர்ந்த மண், அதன் நடுவே உங்கள் நிலவறை. கிண்ணத்தில் விழுந்த தண்ணீருக்குப் போக்கிடம் உங்கள் சுவர்தான்.

அதனால் ஒப்பந்தக்காரருக்கு முன்பணம் கொடுப்பதற்குள் ஒரு பெருமழையில் குடையோடு வெளியே போய் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். இதை நான் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் சுழிக்கிறது என்பதை வெயில் நாளில் எந்த நிபுணராலும் காட்ட முடியாது. மழைநீர்க் குழாய்களின் வாயைச் சுவரிலிருந்து குறைந்தது 2 அல்லது 3 மீட்டர் தள்ளிப் போகும்படி நீட்டுங்கள். சுவரை ஒட்டிய முதல் 3 மீட்டருக்குள் 15 சென்டிமீட்டர் சரிவு கிடைக்கும்படி களிமண் கலந்த மண்ணைக் கொட்டி இடித்துவிடுங்கள். மேலே மணலைக் கொட்டிச் சரிவு செய்வதில் பயனில்லை, தண்ணீர் அதற்குள் புகுந்து பழைய வழியிலேயே இறங்கும். மண் மட்டம், சுவரின் ஈரத்தடுப்பு வரிக்கு (மண்ணின் ஈரம் சுவரில் மேலேறாமல் தடுக்கும் அடுக்கு) மேலே ஏறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு மழைக்காலம் பொறுத்திருங்கள். நான்கு புறமும் தோண்டக் குறித்துவைத்திருந்த ஒரு வீட்டில், இரண்டு குழாய்களை நீட்டி, படிக்கட்டுக்குப் பக்கத்தில் அமுங்கியிருந்த பள்ளத்தை நிரப்பியதோடு வேலை முடிந்தது. எல்லா வீட்டிலும் அப்படி நடக்காது. மேட்டுச் சரிவின் கீழே இருக்கும் வீட்டில் கூரைத் தண்ணீரைத் திருப்பினாலும் மேட்டிலிருந்து மண்ணுக்குள்ளேயே இறங்கிவரும் நீர் நிற்காது. அங்கே அஸ்திவார வடிகால் வேண்டும். ஆனால் முதல் வேலையைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தவர்கள், கூரைத் தண்ணீரையே பூமிக்கடியில் துரத்திப் பிடிக்கும் குழாய்க்குச் செலவு செய்தவர்கள்.

உள்பக்கம் அடித்த பெயின்ட் ஏன் நிற்கவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது. 2 மீட்டர் ஆழத்தில் நிற்கும் நீர் ஒரு சதுர மீட்டர் சுவரை 2 டன் விசையோடு தள்ளுகிறது. வெளிப்பக்கம் அடித்த பூச்சு என்றால் அந்த விசையே அதைச் சுவரோடு சேர்த்து அழுத்தும். உள்பக்கப் பூச்சையோ பின்னாலிருந்து உந்தி உரிக்கும். சுவரும் தரைத்தளமும் சேரும் மூலையில் தண்ணீர் முதலில் தலைகாட்டுவதும் இதனால்தான்: அழுத்தம் அதிகமாக இருப்பதும் அங்கே, வெவ்வேறு நாளில் ஊற்றிய இரண்டு கான்கிரீட்டுகள் ஒட்டாமல் சந்திப்பதும் அங்கே.

அஸ்திவார வடிகால் செய்வது இந்த அழுத்தத்தைக் குறைப்பது. அது தண்ணீரைத் தடுப்பதில்லை. சுவருக்குள் புகுவதைவிட எளிதான வழி ஒன்றைத் திறந்துவிடுகிறது. அதைத் திறப்பது குழாயைவிட ஜல்லிதான். மண்ணுக்குள் தண்ணீர் ஓடும் வேகம், நீர்மட்ட வேறுபாட்டையும் மண்ணின் ஊடுருவு திறனையும் பொறுத்தது என்று ஹென்றி டார்சி 1856இல், பிரான்சின் டிஜோன் நகரில் மணல் நிரப்பிய உருளையில் அளந்து காட்டினார். சுத்தமான ஜல்லிக்கும் களிமண்ணுக்கும் அந்த ஊடுருவு திறனில் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வேறுபாடு. நீங்கள் பதிக்கப் போகும் அமைப்பை ‘பிரெஞ்சு வடிகால்’ என்பார்கள். டார்சி பிரெஞ்சுக்காரர் என்பதால் வந்த பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச் என்ற அமெரிக்க நீதிபதி 1859இல் விளைநில வடிகால் பற்றி எழுதிய நூலால் அது பரவியது, அதனால் அவருடைய பெயர் ஒட்டிக்கொண்டது. வாஷிங்டனில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் லிங்கன் சிலையைச் செய்தவர் அவருடைய மகன். தகப்பனார் பெயர் பள்ளத்துக்கு, மகன் பெயர் பளிங்குக்கு.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். ஒப்பந்தக்காரரின் திட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில், குழாயின் விட்டம் இருக்கிறது, துணியின் தடிமன் இருக்கிறது, ஜல்லியின் அளவுகூட இருக்கிறது. தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும் என்பது மட்டும் இல்லை. வடிகாலை வடிவமைக்கும்போது அதன் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிலவறையின் தரைமட்டத்துக்குக் கீழே, தண்ணீர் தானாக வழிந்து வெளியேறும் தாழ்வான இடம் உங்கள் நிலத்தில் இருக்கிறதா? சரிவான மனையாக இருந்தால் இருக்கலாம். சமதரையில் 2 மீட்டருக்கும் கீழே அப்படி ஓர் இடம் கிடைக்காது. அப்போது சேகரக் குழி ஒன்றை வெட்டி, மிதவை சுவிட்ச் வைத்த பம்ப்பால் மேலே இறைக்க வேண்டும். வாயில்லாத வடிகால், வீட்டைச் சுற்றி நீங்களே செலவு செய்து கட்டிய அகழி. மிகைப்படுத்தவில்லை: தோட்டத்து மூலையில் ஒரு குழியில் ஜல்லியை நிரப்பி அதில் குழாயை விட்டிருந்த ஒரு வீட்டைத் திறந்து பார்த்தோம். களிமண் நிலம், குழி ஒரே மழையில் நிரம்பி, தண்ணீர் குழாய் வழியாகத் திரும்பி வந்து அதுவரை ஈரமே காணாத கிழக்குச் சுவரையும் நனைத்திருந்தது.

பம்ப் வைப்பதானால் இரண்டு விஷயங்கள். மின்சாரம் போவதும் பெருமழை பெய்வதும் பெரும்பாலும் ஒரே இரவில்தான். ஆகவே பேட்டரியில் ஓடும் மாற்று பம்ப் கட்டாயம். வெளியேற்றும் குழாயில் ஒருவழி வால்வு இல்லாவிட்டால், பம்ப் நின்றதும் குழாயில் இருக்கும் நீர் குழிக்கே திரும்பும், பம்ப் மறுபடி ஓடும், இப்படியே தேய்ந்து போகும். இறைத்த நீரைக் கழிவுநீர்ச் சாக்கடையில் விடுவதைப் பல ஊர்களின் விதிகள் அனுமதிப்பதில்லை, அதைத் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாய் எங்கே என்று முடிவான பிறகுதான் குழாயின் மட்டம். இதில் இரண்டு எல்லைகள் உண்டு, இரண்டுக்கும் நடுவே அதிக இடமில்லை. மேல் எல்லை: சுற்று முழுவதிலும் குழாயின் மேல்முதுகு நிலவறைத் தளத்தின் அடிப்பாகத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் தளம் நனைந்த பிறகுதான் குழாய்க்குள் தண்ணீர் நுழையும். கீழ் எல்லை: குழாய்க்கான பள்ளம் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. அஸ்திவாரத்தின் கீழ் விளிம்பிலிருந்து 45 பாகையில் வெளிநோக்கிக் கீழே சாய்வாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே தோண்டினால் வீட்டைத் தாங்கும் மண்ணையே எடுக்கிறீர்கள். இப்போது வாட்டத்தை, அதாவது குழாயின் சரிவை, கணக்கிடுங்கள். 12 மீட்டருக்கு 8 மீட்டர் வீடு என்றால் சுற்றளவு 40 மீட்டர். ஒரு மூலையை உச்சியாக வைத்து, எதிர்மூலைக்கு இரு பக்கமாகவும் குழாய் இறங்கினால் ஒவ்வொரு பக்கமும் 20 மீட்டர். 100க்கு 1 என்ற வாட்டத்தில் 20 சென்டிமீட்டர் இறக்கம் வேண்டும். அஸ்திவாரக் கான்கிரீட்டின் தடிமனே அவ்வளவுதான் இருக்கும் பல வீடுகளில். அப்போது 200க்கு 1 என்று குறைத்து 10 சென்டிமீட்டரில் முடிக்கலாம், ஆனால் அந்த வாட்டத்தில் கை தவறினால் குழாய் நடுவில் தொய்ந்து, தொய்வில் சேறு தங்கும். கண்மட்டத்தில் பதிக்கும் வேலை இல்லை இது. டியூப் மட்டமோ லேசர் மட்டமோ வைத்து 2 மீட்டருக்கு ஒரு புள்ளி குறித்துக்கொண்டு பதிக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் ‘வாட்டமெல்லாம் கையிலேயே வந்துவிடும்’ என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

உங்கள் மூன்று கேள்விகள். விட்டம்: 4 அங்குலம் போதும். வழவழப்பான 4 அங்குலக் குழாய் 100க்கு 1 வாட்டத்தில் நிறைந்து ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 6 லிட்டர் கொண்டுபோகும்; மண்ணுக்குள்ளிருந்து அவ்வளவு தண்ணீர் சாதாரண வீட்டுக்கு வராது. அதைவிடப் பெரிய குழாய் தேவைப்படுகிறது என்றால் கூரைத் தண்ணீரையும் இதில் சேர்த்துவிடத் திட்டமிடுகிறார்கள் என்று பொருள். அதைச் செய்யவே கூடாது. மழைநீர்க் குழாயைத் துளைக் குழாயோடு இணைத்தால் கூரையின் சருகும் தூசியும் உள்ளே வந்து அடைக்கும், அடைத்தபின் 5,000 லிட்டரையும் துளைகள் வழியாக அஸ்திவாரத்துக்கே பரிமாறும். கூரைத் தண்ணீருக்குத் துளையில்லாத தனிக் குழாய்.

துளைகள்: கீழ் நோக்கி. இரண்டு வரிசைத் துளையுள்ள குழாயில், கடிகார முள்ளின் 4 மணி, 8 மணி நிலைகளில் துளைகள் அமைய வேண்டும். மேலிருந்து சொட்டும் நீரைப் பிடிப்பதுதான் குழாயின் வேலை என்று நினைப்பதால் பலர் தலைகீழாகப் பதிக்கிறார்கள். உண்மையில் ஜல்லிக்குள் நீர்மட்டம் கீழிருந்து ஏறுகிறது. துளைகள் கீழே இருந்தால் ஏறத் தொடங்கியதுமே குழாய்க்குள் புகும். மேலே இருந்தால் குழாயின் உயரம் முழுக்க நனைந்த பிறகுதான் புகும். சுற்றிலும் துளையுள்ள நெளிவுக் குழாய் என்றால் இந்தக் கேள்வியே இல்லை, ஆனால் அந்த வகை எளிதில் நசுங்கும், நெளிவுகளில் வண்டல் தங்கும். விறைப்பான பி.வி.சி. குழாயையே நான் தேர்ந்தெடுப்பேன்.

துணி: இதில்தான் அனுபவசாலிகளுக்குள்ளும் உறுதி கிடையாது. நுண்மணலும் வண்டலும் கலந்த மண்ணில் வடிகட்டுத் துணி இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் ஜல்லியின் இடைவெளிகள் மண்ணால் நிறையும் என்பது நிச்சயம். அந்தத் துணி ஜல்லி முழுவதையும் பொட்டலம் போலச் சுற்றி, மேலே ஒரு முழத்துக்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். குழாய்க்கு மட்டும் உறை மாட்டி ஜல்லியைத் திறந்துவிட்டால், வந்துசேரும் நுண்மண் அந்தச் சின்னப் பரப்பிலேயே படிந்து மூடும். உங்கள் மண் எது என்று தெரிய, ஒரு கண்ணாடிக் குடுவையில் பாதி மண்ணும் மீதி தண்ணீரும் போட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளுக்குப் பிறகும் கலங்கலாகவே நிற்கும். துணியே பகையாவதும் உண்டு. நிலத்தடி நீரில் இரும்பு கரைந்திருந்தால், காற்றுப் பட்ட இடத்தில் நுண்ணுயிர்கள் அதைச் செங்காவி நிறக் கூழாக மாற்றும். அந்தக் கூழ் துணியையும் துளையையும் ஒருசேர அடைக்கும். சோதனைக்காகத் தோண்டும் குழியில் எண்ணெய்ப் படலம் போன்ற மினுக்கமும் துருநிறச் சகதியும் தெரிந்தால் அதை முன்கூட்டியே எதிர்பார்த்து, கழுவும் வாய்களை அதிகமாக வைக்க வேண்டும்.

கழுவும் வாய் என்றது இது: ஒவ்வொரு மூலையிலும் குழாயிலிருந்து செங்குத்தாக ஒரு கிளை தரைமட்டம் வரை வந்து மூடியோடு நிற்க வேண்டும். அதன் வழியாக அழுத்த நீரைப் பாய்ச்சிக் கழுவலாம். பதிக்கும்போது சில மணி நேர வேலை. பின்னால் வைக்க நினைத்தால் முழுப் பள்ளத்தையும் மறுபடி வெட்ட வேண்டும். ஜல்லி, தூள் கலக்காமல் கழுவிய 20 மில்லிமீட்டர் ஜல்லியாக இருக்கட்டும். குழாய்க்கு அடியில் 5 சென்டிமீட்டராவது, மேலே 15 சென்டிமீட்டராவது.

சுவர் வெளியே தெரியும் இந்த ஒரே சந்தர்ப்பத்தில் சுவரையும் கவனித்துவிட வேண்டும். கட்டும்போது பூசியிருக்கும் கறுப்புத் தார்ப் பூச்சு பெரும்பாலும் ஓதத்தை மட்டும் தடுப்பது. சுவரில் மயிரிழை விரிசல் விழுந்தால் அதுவும் கூடவே விரியும். விரிசலைத் தாண்டி இழுபடும் நீர்த்தடுப்புச் சவ்வு வேறு பொருள். சுவரைக் கழுவி, தேன்கூடு போல ஓட்டை விழுந்த கான்கிரீட்டைச் செப்பனிட்டு, காயவைத்து, பிறகு சவ்வு. அதன்மேல் புடைப்புகள் கொண்ட பிளாஸ்டிக் தாளைப் பொருத்தினால் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே நீர் தடையின்றிக் குழாய்க்கு இறங்கும், ஜல்லி குத்திச் சவ்வு கிழியாமலும் இருக்கும். கடைசி 30 சென்டிமீட்டரைக் களிமண்ணால் மூடி, வெளிநோக்கிச் சரிவு கொடுங்கள். ஜல்லியைத் தரைமட்டம் வரை கொண்டுவந்து அழகாக முடிப்பதைப் பார்க்கிறேன். அது மழைநீரை அஸ்திவாரத்துக்கு அழைத்துப்போகும் புனல்.

பள்ளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை, இதில் எந்தச் சமரசமும் கிடையாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை முதல் இரண்டு டன் எடை. இடுப்பளவு சரிந்தாலே ஆளை இழுத்து மீட்க முடியாது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தில் முட்டுப் பலகை கொடுக்காமலோ, சுவர்களைப் படிபடியாகச் சரிக்காமலோ யாரையும் இறங்க விடாதீர்கள், அவர் எத்தனை அனுபவசாலியாக இருந்தாலும். வெட்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்க வேண்டாம். நான்கு புறத்தையும் ஒரே நாளில் திறந்துபோடாமல் பக்கம் பக்கமாக முடியுங்கள். நிலவறைச் சுவரின் நடு உயரத்தில் படுக்கையாக நீண்ட விரிசலோ, உள்நோக்கிய புடைப்போ இருந்தால் வடிகால் பேச்சை நிறுத்திவிட்டு, கட்டமைப்புப் பொறியாளரை முதலில் அழையுங்கள்.

வெளியே தோண்டவே முடியாத வீடுகளும் உண்டு: பக்கத்துச் சுவர் ஒட்டி நிற்கும், மேலே கான்கிரீட் நடைபாதை ஓடும். அங்கே நிலவறைக்குள்ளேயே சுவரோரம் தளத்தை உடைத்து, ஜல்லியும் குழாயும் வைத்து, சேகரக் குழிக்கும் பம்ப்புக்கும் கொண்டுபோவார்கள். சுவர் நனைவதை அது நிறுத்தாது. தளத்துக்குக் கீழே அழுத்தம் சேராமல் பார்த்துக்கொள்ளும், அறை பயன்பாட்டுக்கு உலர்ந்திருக்கும். உங்கள் வீட்டில் ஊறுவது சுவரும் தரையும் சேரும் இடத்தில் என்பதால் இதையும் ஒப்பந்தக்காரரிடம் மாற்று வழியாகக் கேட்டுப் பாருங்கள். வெளிப்பள்ளத்தைவிடச் சின்ன வேலை இது.

எந்த வடிகாலும் உதவாத நிலை ஒன்று இருக்கிறது. நிலத்தடி நீர்மட்டமே ஆண்டில் பல மாதம் நிலவறைத் தரைக்கு மேலே நிற்கும் இடத்தில், குழாய் பதித்தால் நீங்கள் இறைப்பது சுற்றுவட்டார நிலத்தடி நீரை. பம்ப் நிற்காமல் ஓடும். மணலும் வண்டலுமான நிலத்தில் நுண்மண்ணும் சேர்ந்து வெளியேறி, உங்கள் வீடும் பக்கத்து வீடும் அமுங்கத் தொடங்கலாம். அங்கே தேவை நிலவறையையே நீர்புகாப் பெட்டியாக மாற்றுவது. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது: 10 சென்டிமீட்டர் தடிமன் கான்கிரீட் தளத்தின் எடையை, அதன் அடியில் வெறும் 25 சென்டிமீட்டர் உயர நீரின் உந்துதல் சமன் செய்துவிடும். அதற்கு மேல் நீர் ஏறினால் தளம் மேலே தூக்கி வெடிக்கும். அதனால்தான் கசியும் ஓட்டையை அடைத்துவிட்டால் போதும் என்ற யோசனை சில வீடுகளில் ஆபத்து. அந்த ஓட்டைதான் தளத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். இதைத் தெரிந்துகொள்ள, சுவரிலிருந்து சில மீட்டர் தள்ளி, நிலவறைத் தரையைவிட ஆழமாக ஒரு துளையிட்டு, துளைக் குழாயைச் செருகி மூடிவைத்து, மழைக்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை நீர்மட்டத்தை அளந்து எழுதிவையுங்கள். இந்த அளவு கையில் இல்லாமல் நான் எந்த வீட்டுக்கும் சுற்றுப்பள்ளம் பரிந்துரைப்பதில்லை. கரிசல் போல நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் என்றால் இன்னொரு கவலையும் உண்டு: ஒரு பக்கத்தை மட்டும் வடித்துக் காயவைத்தால் அஸ்திவாரம் ஒரே சீராக நிற்காது. அங்கே மண் பரிசோதனை செய்தவர் பேச்சே முடிவு.

இத்தனைக்குப் பிறகும் தோண்டுவதுதான் வழி என்று முடிவானால், மண்ணைத் தள்ளி மூடுவதற்கு முன் உச்சி மூலையின் கழுவும் வாயில் தண்ணீரைத் திறந்துவிட்டு, கடைசி வாயில் அது வரும்வரை பக்கத்திலேயே நில்லுங்கள். வராவிட்டாலோ, சொட்டுச் சொட்டாக வந்தாலோ, எங்கே தொய்வு என்று அன்றே தேட வேண்டும். வந்தது என்றால், ஒவ்வொரு பக்கத்தையும் அளவு நாடா வைத்துப் புகைப்படம் எடுங்கள்: சுவரிலிருந்து குழாய் எத்தனை தூரம், தரையிலிருந்து எத்தனை ஆழம், கழுவும் வாய்கள் எங்கே. அந்தப் படங்களை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். சில ஆண்டுகளில் அந்த வரிசையின் மேலேயே யாராவது ஒரு மரக்கன்றை நட வருவார்கள். ஈரம் தேடும் வேர் முதலில் கண்டுபிடிப்பது உங்கள் குழாயின் துளைகளைத்தான்.